பீலியடியில் நான் அழுத்திப் பார்த்த கட்டி

மதினி,

இன்று காலை உங்கள் மகள் நிரோஷாவின் ஸ்வெட்டரை வெயிலில் போடலாம் என்று எடுத்தேன். கை வைத்ததும் தைல வாசம் குப்பென்று வந்தது. கடைசி வருடம் முழுக்க உங்கள் தலையணையிலும் போர்வையிலும் இருந்த அதே வாசம். ஸ்வெட்டரைக் கட்டிலில் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அடுப்பில் இருந்த தேத்தண்ணி பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை. நீங்கள் இருந்திருந்தால் "என்னா புள்ள, பகல்லயே கனவா?" என்று கேட்டிருப்பீர்கள்.

உங்களுக்கு எழுத வேண்டும் என்று மூன்று வருடமாக நினைத்து, மூன்று வருடமாகத் தள்ளிப்போட்டு வருகிறேன். திவசத்துக்குப் படையல் வைத்தேன். படத்துக்குப் பூ வைத்தேன். உங்கள் மகளுக்கு நல்லது கெட்டது பார்த்தேன். எழுத மட்டும் முடியவில்லை. எழுதினால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டிவரும் என்ற பயம். கமலா வாய்க்காரி என்று தோட்டம் முழுக்கப் பெயர் வாங்கியவள் நான். அந்த ஒரு விஷயத்தில் எனக்கு வாய் வரவில்லை.

என் முதுகில் கட்டி வந்த காலத்திலிருந்து சொல்கிறேன். அதை முதலில் பார்த்தது நீங்கள்தான். நாலாம் நம்பர் மலையில் எனக்குப் பின்னால் கொழுந்து எடுத்துக்கொண்டு வந்தீர்கள். நான் செடிக்கு மேலே எட்டிக் கையை நீட்டியபோது என் சட்டைக்குள்ளிருந்து ஏதோ ஒன்று புடைத்துக்கொண்டு எழும்பியிருக்கிறது.

"ஏன் கமலா, முதுகுல என்னா ரொட்டிய மறச்சு வச்சிருக்க?"

நிமிர்ந்து, கையைப் பின்னால் விட்டுத் தடவிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. குனிந்து கையை நீட்டினால் மறுபடி வந்துவிடுகிறது என்றீர்கள். தோள்பட்டை எலும்பின் கீழ் முனையில், ஒரு கோழி முட்டை அளவுக்கு. கூடை சுமக்கிற முதுகில் தடிப்பு இல்லாத பொம்பளை யார் இருக்கிறாள்? இதுவும் கூடைத் தடிப்புதான் என்று நான் விட்டுவிட்டேன். நீங்கள் விடவில்லை. "என்னா ஏதுன்னு தெரியாம எப்படி புள்ள ஒனக்கு தூக்கம் வருது?" என்று நச்சரித்தீர்கள். எனக்குத் தூக்கம் நன்றாகத்தான் வந்தது. தூங்காமல் கிடந்தது நீங்கள். கடைசியில் ஒரு புதன்கிழமை, வேலைக்குப் போகாமல் என்னைப் பதுளைக்கு இழுத்துக்கொண்டு போனீர்கள்.

கிளினிக்கில் இருந்தவர் யாழ்ப்பாணத்து டொக்டரம்மா. என்னை நேராக நிற்க வைத்து, கைகளைத் தொங்கவிடச் சொல்லி, முதுகு முழுக்க அழுத்திப் பார்த்தார். "இதில ஒண்டும் பிடிபடேல்லையே அம்மா" என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். சட்டைக் கொக்கியை மாட்டிக்கொண்டு கிளம்பப் போனேன். நீங்கள் கதவை மறித்துக்கொண்டு நின்றீர்கள்.

"மன்னிச்சுக்கங்க டொக்டரம்மா. இவ சும்மா நின்னா அது வராதுங்க. கொழுந்து எடுக்கிற மாதிரி நின்னாதான் வரும்."

அவருடைய மேசையைத் தேயிலைச் செடியாக்கி, என்னை அதன் முன்னால் குனிய வைத்து, இரண்டு கையையும் பிடித்து முன்னால் இழுத்தீர்கள். கட்டி வந்தது. டொக்டரம்மா தொட்டுப் பார்த்துவிட்டுப் பக்கத்து அறையில் இருந்த இளம் டொக்டர்களையும் கூப்பிட்டார். ஒவ்வொருவராக வந்து, கையை நீட்டு, கையை விடு என்று பார்த்தார்கள். அவர்களுக்கு அது புதுமை. நானோ, இத்தனை பேர் கூடிப் பார்க்கிறார்கள் என்றால் இது கூடாத கட்டிதான், கேன்சர்தான், என் கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். நீங்கள் என் முழங்கையை விடவே இல்லை.

ஸ்கேன் எடுத்தார்கள். அதற்குப் பிறகு பெரிய மெசினுக்குள் படுக்க வைத்து இன்னொரு படம். அதைப் பார்த்துவிட்டு டொக்டரம்மா சொன்னதை இன்றைக்கும் அப்படியே சொல்வேன். "பயப்பிடாதேங்கோ. இது கூடாத கட்டி இல்லை. தோள்பட்டை எலும்பும் விலா எலும்பும் உரஞ்சு உரஞ்சு, இடையில இருக்கிற சதை நார் மாதிரித் தடிச்சு வாறது. வேற இடத்துக்குப் பரவாது. நோகாட்டி அப்பிடியே விடலாம். நோகுதெண்டா வெட்டி எடுப்பம்."

எனக்கு நோவு இருந்தது. வெட்டி எடுத்தார்கள். காயத்துக்குள் தண்ணீர் கட்டாமல் இருக்க ஒரு குழாயைப் போட்டு, அதன் நுனியில் ஒரு போத்தலைத் தொங்கவிட்டார்கள். நான் கழிப்பறைக்குப் போகும்போதெல்லாம் அந்தப் போத்தலைத் தூக்கிக்கொண்டு என் பின்னால் வந்தது நீங்கள். குழாயை எடுத்த பிறகும் கொஞ்சம் நீர் கட்டி, அதை ஊசியால் இழுத்தார்கள். ஆறு வாரம் கூடை தூக்கக்கூடாது என்றார்கள். வெட்டின சதையைச் சோதித்த ரிப்போர்ட்டிலும் நல்ல கட்டி என்றே வந்தது.

அந்த ரிப்போர்ட்டைக் கையில் தந்துவிட்டு டொக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். "உங்கட கட்டி இப்பிடி எண்டதுக்காக மற்றவையின்ர கட்டியும் இப்பிடித்தான் எண்டு நினைச்சுப்போடாதேங்கோ. கையால தடவிப் பாத்து முடிவு சொல்லேலாது. என்னாலயும் சொல்லேலாது. ஸ்கேன் பாக்கோணும். தேவையெண்டா ஊசியால சதை எடுத்துச் சோதிக்கோணும்." நாம் இரண்டு பேரும் ஒரே வாங்கில் உட்கார்ந்துதான் அதைக் கேட்டோம். தோட்டத்துக்கு வந்து, நல்ல கட்டி என்ற முதல் பாதியை மட்டும் ஊர் முழுக்கச் சொன்னவள் நான்.

பிறகு நடந்த கூத்து உங்களுக்குத் தெரியும். எனக்கு நல்ல கட்டி என்று தெரிந்ததும் மூன்று லயத்து வரிசை வீடுகளின் பெண்களும் என் காம்பிரா அறைக்கு வர ஆரம்பித்தார்கள். முதுகில் ஒன்று, விலாவில் ஒன்று, தோளில் ஒன்று. கதவைச் சாத்திவிட்டுக் காட்டுவார்கள். நான் டொக்டரம்மா மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, கையை நீட்டு, கையை விடு என்பேன். "மறையுதுல்ல? ஒண்ணுமில்ல, போ." அவர்கள் முகம் தெளிந்து போவதைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருக்கும். கட்டி டொக்டர் என்று எனக்குப் பெயர் வைத்ததே நீங்கள்தான். நீங்கள் கிண்டலுக்குச் சொன்னீர்கள். நான் அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டேன்.

அது மாசி மாதம். கோயிலில் கொடி ஏற்றிய வாரம். சாயங்காலம், மலையிலிருந்து தண்ணீர் கொட்டுகிற பீலியில் குளித்துக்கொண்டிருந்தோம். மற்றவர்கள் எல்லாம் வாளியோடு போய்விட்டார்கள். நீங்கள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு இடது கையைத் தூக்கினீர்கள்.

"இங்க ஒண்ணு இருக்கு புள்ள. பாரேன்."

அக்குளுக்குக் கீழே, விலாவின் மேலே. என் கையில் சவர்க்கார நுரை இருந்தது. கழுவிவிட்டு அழுத்திப் பார்த்தேன். என்னுடைய கட்டி ரப்பர் மாதிரி அமுங்கும். உங்களுடையது அமுங்கவில்லை. விலாவோடு ஒட்டிக்கொண்டு, தள்ளினாலும் அசையாமல் இருந்தது. கையை இறக்கச் சொன்னேன். மறையவில்லை. தூக்கச் சொன்னேன். அப்படியே இருந்தது.

என் விரலுக்கு அது தெரிந்தது மதினி. இதைத்தான் மூன்று வருடமாக எழுதாமல் வைத்திருந்தேன். தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன் என்று வேறு யாரிடமாவது சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். உங்களிடம் முடியாது. இது வேறு என்று தெரிந்ததும் பயந்துவிட்டேன். அந்தப் பயத்தை ஒரு நிமிடம்கூட என்னால் வைத்துக்கொள்ள முடியவில்லை. அதைத் தள்ளிவிடுவதற்காகத்தான் வாயைத் திறந்தேன்.

"ஒண்ணுமில்ல மதினி. என்னோடது மாதிரிதான்."

"அப்படியா சொல்ற?"

"ஆமாங்கிறேன்ல."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தீர்கள். நான் குனிந்து துணியைப் பிழிந்தேன். "சரி புள்ள" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறிப் போய்விட்டீர்கள்.

அதற்குப் பிறகு தினமும் உங்களைக் கள்ளத்தனமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது கை கொழுந்துக்குப் போகும் வேகம் குறைந்தது. கூடையை இறக்கும்போது பல்லைக் கடித்தீர்கள். கேட்டால் பதில் சொல்லிவிடுவீர்களோ என்று பயந்து கேட்கவில்லை. சித்திரை போகட்டும், தீபாவளி போகட்டும் என்று நீங்களும் எதையோ சொல்லிக்கொண்டிருந்தீர்கள். கை வீங்கிய பிறகுதான் அண்ணன் உங்களைப் பதுளைக்குக் கூட்டிப் போனார். அதே கிளினிக். சதை எடுத்துச் சோதித்து, கூடாத கட்டி என்றார்கள். நெஞ்சுக்குள்ளேயும் பரவிவிட்டது என்றார்கள்.

ஆஸ்பத்திரி வாட்டில் உங்களைப் பார்க்க வந்த முதல் நாள், கதவு வரைக்கும் வந்து திரும்பிப் போய்விட்டேன். அது உங்களுக்குத் தெரியாது. இரண்டாம் நாள் வந்தேன். அன்றைக்காவது நீங்கள் கேட்பீர்கள், திட்டுவீர்கள் என்று எதிர்பார்த்தேன். நீங்கள் என் தலையைத் தடவிவிட்டு, "உங்க அண்ணன்கிட்ட ஒண்ணும் சொல்லிக்கிட்டு இருக்காத புள்ள. அந்த மனுஷன் தாங்காது" என்றீர்கள். எதைச் சொல்லக்கூடாது என்று நான் கேட்கவில்லை. எனக்கு வசதியானபடி எடுத்துக்கொண்டு, அந்த வார்த்தைக்குப் பின்னால் மூன்று வருடம் ஒளிந்திருந்தேன்.

மூன்று மாதத்துக்கு முன்பு ஒரு சாயங்காலம், பசறை டவுனில் முதலாளி நானாவின் துணிக்கடையில் வேலை முடிந்து நிரோஷா வந்தாள். அப்போதும் இதே தைல வாசம்தான்.

"என்னடி, தைலம் பூசியிருக்க?"

"துணிக்கட்டு தூக்குனது அத்த. வெலா புடிச்சுக்கிச்சு."

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். சட்டையைத் தூக்கினாள். வலது பக்கம், விலாவுக்கும் விலாவுக்கும் நடுவில், ஒரு நெல்லிக்காய் அளவுக்குத் தெரிந்தது. "தொட்டா கரண்டு அடிச்ச மாதிரி முன்னால வரைக்கும் இழுக்குது. நீங்க பாருங்க அத்த. அம்மாவுக்கும் நீங்கதான பாத்தீங்க."

"ஒனக்கு யாரு சொன்னா?"

"அம்மாதான். அன்னைக்கே வந்து சொன்னாங்க, அத்த பாத்துட்டா, ஒண்ணுமில்லையாம்னு." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "அப்ப ஒங்களுக்கு தெரியாது அத்த. இப்ப தெரியும்ல?"

அவள் குத்திக்காட்டவில்லை. அவள் முகத்தில் நம்பிக்கைதான் இருந்தது. அதைப் பார்த்துத்தான் பயந்தேன். கையை இழுத்து முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டேன். "நாளைக்கு நானாகிட்ட லீவு சொல்லு. மொத பஸ்ல பதுளைக்கு போறோம்" என்றேன்.

அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். நான் ஒண்ணுமில்ல என்று சொல்லாததால், இது அம்மாவுக்கு வந்ததுதான் என்று நினைத்துவிட்டாள். "அப்ப இது அதுதானா அத்த?" என்று கேட்டுக் கேட்டு அழுதாள். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் அழுகை நின்றுவிடும். அந்த வார்த்தை நாக்கு நுனியில் வந்து நின்றது. "தெரியாது கண்ணு. எனக்கு தெரியாது" என்றேன். என் வாழ்நாளில் அதைவிடக் கஷ்டமான பேச்சைப் பேசியதில்லை.

பதுளைக் கிளினிக்கில் இப்போது புது டொக்டர், சிங்களவர். நல்ல பொறுமைசாலி. நிரோஷா கடையில் சிங்களம் பேசிப் பழகியவள் என்பதால் நான் சும்மா பக்கத்தில் நின்றேன். ஸ்கேன் எடுத்தார்கள், பெரிய மெசினிலும் படம் எடுத்தார்கள். விலா எலும்புக்குக் கீழே ஓடும் நரம்பை ஒட்டி உருண்டையாக ஒன்று இருக்கிறது, ஊசியால் சதை எடுத்துச் சோதித்தால்தான் சொல்ல முடியும் என்றார். அந்த ஊசிக்கு அவள் போட்ட சத்தம் வெளி வராந்தாவில் நின்ற எனக்குக் கேட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

ரிப்போர்ட் வர மூன்று வாரம். அந்த மூன்று வாரம் நான் மனுஷியாக இல்லை. அவள் சிரித்தால் பயம், சாப்பிடாமல் எழும்பினால் பயம், தொலைபேசி அடித்தால் பயம். குளிக்கும்போது என் உடம்பிலேயே கட்டி தேடினேன். அண்ணன் வேலி கட்டுகிறேன் என்று கொல்லையிலேயே கிடந்தார். கட்டிய வேலியைப் பிரித்து மறுபடி கட்டினார். நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை.

ரிப்போர்ட்டை டொக்டர் படித்துச் சொன்னபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை, அவ்வளவு வேகமான சிங்களம். நிரோஷா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினாள். நான் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள்தான் குனிந்து என்னைக் கட்டிப்பிடித்து, "நல்ல கட்டியாம் அத்த, நல்ல கட்டியாம்" என்றாள். நரம்பின் உறையில் வளர்கிற கட்டியாம். பரவாதாம். ஆனால் நரம்பை அழுத்துவதால் எடுத்துவிடுவது நல்லதாம். நரம்பை அறுக்காமல் கட்டியை மட்டும் உரித்து எடுத்தார்கள். வலது விலாவில் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு மரத்துப் போயிருக்கிறது, கிள்ளினாலும் தெரியவில்லை. அது போகப் போகச் சரியாகலாம் என்கிறார்கள். வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகிறது. நேற்று உங்கள் கட்டிலில் உட்கார்ந்து, ரொட்டிக்குச் சம்பல் உறைப்பாக இல்லை என்று என்னோடு சண்டை பிடித்தாள். நன்றாக இருக்கிறாள் மதினி.

நேற்றுச் சாயங்காலம் அண்ணன் வாசல் திண்ணையில், இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தார். உள்ளே மகள் சிரிக்கும் சத்தம் கேட்டது. "அவளையும் இப்படி நேரத்தோட கூட்டிட்டு போயிருந்தா…" என்று ஆரம்பித்து அப்படியே நிறுத்திவிட்டார். இதற்கு மேல் என்னால் முடியவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். பீலி, சவர்க்கார நுரை, என் விரலுக்குத் தெரிந்தது, நான் சொன்ன வார்த்தை எல்லாம். அடிப்பார் என்றுகூட நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தெரியும்" என்றார்.

"மதினி சொன்னாங்களா?"

"ஒன்கிட்ட காட்டிட்டு, ரெண்டு நாள் கழிச்சு என்கிட்ட வந்தா. கமலா ஒண்ணுமில்லங்கிறா, நீங்க ஒரு தடவ பாருங்கன்னா." அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் பாக்கல. தங்கச்சி பாத்துட்டாளே, பெறகு என்னா பயம்னு கேட்டுட்டு எழும்பி போயிட்டேன். எனக்கு பயமா இருந்துச்சு கமலா. தொட்டு பாத்தா தெரிஞ்சுடும்னு பயந்தேன்."

நேற்றிலிருந்து அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். பீலியில் என்னிடம் காட்டினீர்கள். இரண்டு நாள் கழித்து அண்ணனிடம் போனீர்கள். அப்படியென்றால் நான் சொன்னதை நீங்கள் நம்பவே இல்லை. டொக்டரம்மா சொன்ன இரண்டாவது பாதி உங்களுக்கு ஞாபகம் இருந்திருக்கும். முட்டை அளவுக் கட்டிக்கு என்னை இழுத்துக்கொண்டு ஓடிய உங்களுக்கு, என்ன செய்ய வேண்டும் என்று தெரியாதா? தனியாகப் போகத்தான் பயந்திருக்கிறீர்கள். கூட வர ஓர் ஆளைத் தேடி எங்கள் ஒவ்வொருவரிடமும் கையைத் தூக்கிக் காட்டியிருக்கிறீர்கள். ஆளுக்கொரு சமாதானம் சொல்லி உங்களைத் திருப்பி அனுப்பிவிட்டோம்.

இப்போது கட்டி என்று யார் வந்தாலும் நான் தொடுவதில்லை. ஒண்ணுமில்ல என்று சொல்ல எனக்கு வாய் வருவதும் இல்லை. பக்கத்துக் காம்பிராக் குழந்தை விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டு அழுதாலும், எங்கே காட்டு என்றுதான் கேட்கிறேன். பயம் என்னோடுதான் இருக்கிறது. அது போகும் என்று நான் இனி எதிர்பார்க்கவும் இல்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது கீழ் லயத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. மார்புக்கு மேலே, காறையெலும்புக்குக் கீழே ஏதோ தட்டுப்படுகிறதாம். நாளை முதல் பஸ்ஸில் போவோம் என்றேன். "பயமா இருக்குக்கா" என்றாள்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. நான் வாறேன் ஒன்கூட" என்றேன்.

அன்றைக்கு உங்களிடம் சொல்ல வேண்டியிருந்ததும் இவ்வளவுதான், மதினி.